கருப்புச் சோற்றுத் தீவு

ஏப்ரல் 9

கோபம் வந்தால் வாயைத் திறக்காதே, பேனாவைத் திற என்று சொல்லி என் பெண்டாட்டி செபமாலை இந்த நோட்டைப் பெட்டியில் வைத்து அனுப்பினாள். நான் சேசுவடியான், தூத்துக்குடிக்காரன், கப்பலில் தலைமைச் சமையல்காரன். இருபத்திரண்டு வருஷமாக எவனாவது சாப்பாட்டில் நொட்டை சொன்னால் கரண்டியோடு வெளியே வந்துவிடுகிறவன். அவள் சொன்னது சரிதான். ஆனால் அதை அவளிடம் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. விடிகிற நேரத்தில் கப்பல் கவிழ்ந்துவிட்டது. ஏற்றியிருந்தது நிக்கல் மண். அது உள்ளே சேறாகி ஒரே பக்கமாக ஓடிவிட்டது. மற்ற பதினெட்டுப் பேரும் பெரிய படகில் இறங்கிவிட்டார்கள். நான் அடுப்பை அணைத்து, இந்த நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு மேலே வந்தபோது தளத்தில் நின்றவன் ஒரே ஒருத்தன். நோனோய். பிலிப்பைன்ஸ்காரன், சாமர் தீவு, தளத்து ஆட்களுக்கு மேஸ்திரி மாதிரி.

"நீ போகலியாலே?"

"மேயர் வரலியே."

பிலிப்பினோ ஆட்கள் தலைமைச் சமையல்காரரை மேயர் என்றுதான் கூப்பிடுவார்கள். நாங்கள் பேசுவது கப்பல் இங்கிலீஷ். அதை நான் என் பாஷையில்தான் எழுதுவேன்.

சின்ன மோட்டார் படகில் நாங்கள் இரண்டு பேர். முதலுதவிப் பெட்டியை முதல் அலையே அடித்துக்கொண்டு போய்விட்டது. சாயங்காலம் ஒரு தீவு தெரிந்தது. பக்கத்தில் போகப் போகத் தண்ணீரின் நிறம் மாறியது. கையில் அள்ளிக் குடித்துப் பார்த்தேன். இனித்தது! கடல் தண்ணீர், இளநீர் கணக்காக இனித்தது. நான் சந்தோஷத்தில் கத்தினேன். நோனோய் முகம் வெளிறிப்போய் உட்கார்ந்திருந்தான்.

"மேயர், இனிக்கிற கடல் நல்லதில்ல. திரும்பிடுவோம்."

"தாகத்துல சாகப்போறவனுக்கு நல்லது கெட்டது வேறயா? பேசாம வா."

ஏப்ரல் 10

கரையிலிருந்து உள்ளே போகிற வழியெல்லாம் ஒவ்வொரு புதர்ப் பக்கமும் நோனோய் "தாபி தாபி போ" என்று சொல்லிக்கொண்டே வந்தான். கண்ணுக்குத் தெரியாதவர்களிடம் கொஞ்சம் விலகிக்கொள்ளுங்கள் ஐயா என்று கேட்பதாம். இந்தத் தீவு எங்கந்தோக்களின் தீவு என்றான். மனுஷர் மாதிரியே இருப்பார்கள், மனுஷர் இல்லை. கொடுத்ததை வாங்கித் தின்றால் அவர்கள் ஆளாகிவிடுவோம். அவர்கள் சோற்றில் உப்பு இருக்காது, உப்புப் பட்டால் அவர்கள் போட்ட கட்டு அறுந்துவிடும். காட்டில் வழி தப்பினால் சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும். தானாக விழுந்த தேங்காய், பழம் மட்டும் யாருக்கும் சொந்தமில்லை, அதைத் தின்னலாம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

முதல் வேலையாகத் துணிகளை இனிப்புத் தண்ணீரில் கும்மி அலசிக் காயப்போட்டேன். உடம்பில் ஒட்டிய உப்பு ஒரு பொட்டுகூட இல்லாமல் போனது. குளித்ததும் உயிர் வந்தது.

காட்டு நடுவில் ஒரு பெரிய வீடு. விழுதுவிட்ட ஒரு மரத்தோடு மரமாக நின்றது. உள்ளே ஐம்பது அறுபது பேர், எல்லாரும் வெள்ளைவெளேரென்ற உடுப்பு. நடு முற்றத்தில் ஒரு பெண்பிள்ளை வந்து வரவேற்றாள். அவள் வாயைத் திறந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேசியது அச்சு அசல் எங்கள் ஊர்ப் பேச்சு.

"வாங்க வாங்க, களைச்சுப்போய் வந்திருக்கிய. கையக் கழுவிட்டு உக்காருங்க."

நோனோய் காதில் அவன் ஊர்ப் பேச்சாகக் கேட்டதாம். அவன் என் முழங்கையைக் கிள்ளி, அவள் மேலுதட்டைப் பார் என்றான். பார்த்தேன். மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் நமக்கெல்லாம் ஒரு சின்ன வாய்க்கால் இருக்குமே, அது அவளுக்கு இல்லை. மழமழவென்று இருந்தது. அங்கே யாருக்குமே இல்லை.

இலை போட்டார்கள். கருப்புச் சோறு, ஏழெட்டுக் கறி. மணம் ஆளைத் தூக்கியது. ஒரு வாய் எடுத்து வைத்தேன், நாக்கில் பட்டதுமே துப்பிவிட்டேன். சுத்தமாக உப்பில்லை. இருபத்திரண்டு வருஷம் அடுப்படியில் நின்ற நாக்கு இது. இலையைத் தள்ளி வைத்துவிட்டேன்.

நோனோய் சாப்பிட்டான். நல்ல பசி அவனுக்கு.

ஏப்ரல் 11

காலையில் படகைத் தள்ள ஆளைத் தேடினால் காணோம். அந்த வீட்டு முற்றத்தில் வெள்ளை உடுப்புப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறான். கையைப் பிடித்து இழுத்தேன். கல்லைப் பிடித்து இழுத்த மாதிரி இருந்தது. அசையவில்லை.

நேற்று வரவேற்ற அந்த வீட்டுக்காரி வந்தாள். குரலை உயர்த்தவே இல்லை.

"அவரு எங்க சோத்தத் தின்னவரு. ஒம்பது நாள், நாளுக்கு ஒரு இலை. ஒம்பதாவது இலைய முடிச்சா எங்க ஆளு. நீங்க திங்கல, நீங்க போலாம்."

"கூட்டிட்டுத்தான் போவேன்."

"அவரு ஏறுன படகு நகராது. நீங்க மட்டும் ஏறுனா நகரும். ஆனா ஒண்ணு, உப்புக் கடல்ல ஒருவாட்டி எறங்கிட்டியன்னா இந்தத் தீவு திரும்ப ஒங்க கண்ணுக்குத் தெரியாது."

நான் ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. செபமாலை படிப்பாள். வீட்டுக்காரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சாப்புடுதியளா?" என்றாள்.

ஏப்ரல் 12

படகு டேங்கில் பெட்ரோல் நிறைய இருக்கிறது. சும்மா பார்த்து வைத்தேன்.

ஏப்ரல் 13

இன்றைக்கு நான்காவது இலை. மத்தியானம் போய்ப் பார்த்தேன். நோனோயின் மேலுதட்டு வாய்க்கால் பாதி தூர்ந்துவிட்டது. முதலில் நிழல் என்று நினைத்தேன். கிட்டே போய் விரலால் தடவிப் பார்த்தேன். மேடு தட்டிவிட்டது.

"ஒன் கடைசி மக பேரு என்னலே?"

அவனுக்கு மூன்று பெண்கள். கப்பலில் தினம் அவர்கள் போட்டோவைக் காட்டி என் உயிரை எடுப்பான். இன்றைக்கு யோசித்தான். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

எனக்குக் கண்ணில் ஏதோ பூச்சி விழுந்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். வந்த கோபத்தில் பாதையைப் பார்க்காமல் மூங்கில் காட்டுக்குள் புகுந்துவிட்டேன். வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு மணி நேரம் நடந்தேன், அதே மொட்டைப் பாறை. இன்னொரு மணி நேரம் நடந்தேன், திரும்பவும் அதே மொட்டைப் பாறை. மேலே கனைக்கிற மாதிரி ஒரு சிரிப்புக் கேட்டது. அண்ணாந்து பார்த்தால் பாறை உச்சியில் ஒருவன் குத்தவைத்திருக்கிறான். மனுஷ உடம்பு, குதிரைத் தலை. உட்கார்ந்திருக்கும்போதே முழங்கால் இரண்டும் காதைத் தாண்டி நிற்கிறது. வழி தப்ப வைப்பதற்கென்றே இருக்கிற ஜென்மமாம். நோனோய் கப்பலிலேயே இவனைப் பற்றி ஆயிரம் கதை சொல்லியிருக்கிறான்.

பயமா? எனக்கா? கொஞ்சம் ஓடினேன், அவ்வளவுதான். அவன் பின்னாலேயே குதித்துக் குதித்து வந்தான். மூச்சு முட்டியபோதுதான் சட்டை ஞாபகம் வந்தது. கருநீல டீ-ஷர்ட்டைக் கழற்றி உள்பக்கம் வெளியே வருகிற மாதிரி திருப்பிப் போட்டுக்கொண்டேன். கனைப்பு நின்றது. கண் முன்னாலேயே பாதை இருந்தது, பத்தடி தள்ளிக் கடற்கரை! நான் சிரித்த சிரிப்புக்கு நோனோயிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

மணலில் உட்கார்ந்து சட்டையைக் கழற்றி மடியில் போட்டேன். முதுகில் வெள்ளை வெள்ளையாகக் கோடு ஓடியிருந்தது. கக்கத்தில் வளையம் வளையமாக. எங்கள் ஊர் உப்பளத்தில் வேலை முடிந்து வருகிற ஒவ்வொரு ஆள் முதுகிலும் இருக்கிற கோடு. பதினெட்டு வயது வரைக்கும் என் முதுகிலும் இருந்த கோடு.

நக்கிப் பார்த்தேன். கரித்தது! உப்புப் பட்டால் கட்டு அறுந்துவிடும் என்றானே நோனோய்.

கடலில் உப்பில்லை, மண்ணில் உப்பில்லை, அவள் சமையல்கட்டில் உப்பில்லை. என் உடம்பில் இருக்கிறது. ரத்தமும் கரிக்கும்தான், ஆனால் சோற்றில் ரத்தம் பிசைந்து வைத்தால் எவன் வாயில் வைப்பான்? வேறொரு வழியும் மனசில் வந்தது. அதை எழுத மாட்டேன், நான் சமையல்காரன்.

வேர்வைதான். நாளையிலிருந்து உப்பளம்.

ஏப்ரல் 14

வேலை இப்படிப் போகிறது. காலையில் கருநீலச் சட்டை, அதற்கு மேலே நோனோய் கழற்றிப் போட்டுவிட்டுப் போன கனத்த ஆரஞ்சு உடுப்பு, எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு மொட்டைப் பாறைக்குப் போகிறேன். குதிரைத்தலையனைக் கூப்பிட்டு அவன் மூஞ்சியைப் பற்றி, பல்லைப் பற்றி, அவன் அப்பன் எந்த வண்டியில் பூட்டப்பட்டிருந்தான் என்பதைப் பற்றி நாலு வார்த்தை சொல்கிறேன். அவன் துரத்துகிறான். நான் ஓடுகிறேன். உடம்பிலிருந்து தண்ணீர் குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுகிறது. இனி முடியாது என்கிறபோது உடுப்பைத் திருப்பிப் போட்டால் கடற்கரை. பாவம், அவன் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறான். இத்தனை வருஷத்தில் இவனைத் தேடிப்போய் வம்பிழுத்தவன் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

அப்புறம் துணிகளைப் படகின் தண்ணீர் கோரும் டப்பாவில் கொஞ்சூண்டு தண்ணீர் விட்டுப் பிழிகிறேன். அதே தண்ணீரில் அடுத்த துணியைப் பிழிகிறேன். தண்ணீர் கூடிவிட்டால் எல்லாம் வீண். துண்டில் வடிகட்டிப் பாத்தியில் விடுகிறேன். பாத்தி என்றால் கரையில் இருக்கிற கரும்பாறையில் இயற்கையாகவே விழுந்த பள்ளம். காய்ச்சி எடுக்கலாம் என்றால் இந்தத் தீவில் நெருப்பே பிடிப்பதில்லை. லைட்டரில் பொறி வருகிறது, சுள்ளி பற்ற மாட்டேன் என்கிறது. போகட்டும். எங்கள் ஊரில் எவன் அடுப்பு வைத்து உப்பு எடுத்தான்? சூரியன் இருக்கிறான்.

சாப்பாடு தேங்காயும் வாழைப்பழமும். தானாக விழுந்தது.

ஏப்ரல் 15

பாத்தி ஓரத்தில் பூத்துவிட்டது! வெள்ளையாக, மெல்லிசாக, பொடிப்பொடியாக. கத்தி முனையால் தொட்டு நாக்கில் வைக்கக் கை போனது, வைக்கவில்லை. அவனுக்கு வேண்டும்.

ஆறாவது இலை முடிந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதில்லை. கெண்டைக்கால் ராத்திரியெல்லாம் இழுத்துப் பிடித்தது. வயதாகிறது, வேறொன்றுமில்லை.

ஏப்ரல் 16

மழை.

விடியும்போதே கருத்துக்கொண்டு வந்தது. எழுந்து ஓடுவதற்குள் கொட்டிவிட்டது. உப்பளத்துக்காரனுக்கு மழையைப் போல எதிரி கிடையாது. உடுப்பை விரித்துப் பாறை மேல் குப்புறப் படுத்துக்கொண்டேன். என்ன படுத்து என்ன, பள்ளம் நிறைந்து வழிந்து ஓடிவிட்டது. இரண்டு நாள் ஓட்டமும் அந்தத் தண்ணீரோடு போனது. பாறையில் குத்திக் குத்திக் கத்தினேன். கை வீங்கிவிட்டது.

ஒன்று எழுதிவிட வேண்டும். பத்தாம் தேதி எழுதியது முழுசாக உண்மை இல்லை. நோனோய் பசியில் சாப்பிட்டான் என்று எழுதியிருக்கிறேன். அவன் சாப்பிட மாட்டேன் என்றுதான் சொன்னான். கையைக் கட்டிக்கொண்டு, "வேண்டாம் மேயர், தயவுசெய்து வேண்டாம்" என்றான். நான்தான் அவனை அதட்டினேன். "இலை போட்டபிறகு ரெண்டு பேரும் எந்திரிச்சா அந்த வீட்டு ஆளுக மூஞ்சியில அடிச்ச மாதிரிலே. நான்தான் வாயில வைக்க முடியாமத் தள்ளிட்டேன். நீயாவது சாப்புடு, மரியாதையக் காப்பாத்து" என்றேன். அவன் என்னைப் பார்த்தான். "ஓகே மேயர்" என்றான். சிலுவை போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

எனக்காகக் கவிழ்கிற கப்பலில் நின்றவன். என் வாய்க்கு ருசிக்கவில்லை என்று நான் தப்பித்தேன், என் வாய் சொன்னதற்காக அவன் மாட்டிக்கொண்டான்.

எழுதியாயிற்று. மத்தியானத்துக்கு மேல் வெயில் வந்தால் ஓட வேண்டும். இன்னும் இரண்டு இலை.

பிற்பகல்: வெயில் வந்தது. இரண்டு தடவை ஓடினேன்.

ஏப்ரல் 17

விடிந்ததிலிருந்து மூன்று தடவை. மூன்றாவது தடவை பாதியில் கால் இரண்டும் பின்னிக்கொண்டு விழுந்துவிட்டேன். கண் இருட்டியது. குதிரைத்தலையன் கிட்டே வந்து குனிந்து பார்த்தான். நல்லவேளை, அவனுக்கு ஓடாதவனைத் துரத்தத் தெரியவில்லை. "போடா கழுதை" என்றேன். அது போதுமாயிருந்தது. கனைத்தான், நான் எழுந்து ஓடினேன்.

இந்தத் தடவை பள்ளத்தை நம்பவில்லை. பாறையில் வெயில் பட்டுக் கொதிக்கிற இடமாகப் பார்த்து, பிழிந்த தண்ணீரைக் கைவிரலால் மெல்லிசாகப் பூசினேன். காய்ந்ததும் மறுபடி அதற்கு மேலேயே பூசினேன். ஒரே இடத்தில் ஏற்ற ஏற்றத்தான் கனம் பிடிக்கும். மூன்று மணிக்குக் கிளிஞ்சலால் வாரினேன். வாரி முடித்துப் பார்த்தால் கட்டைவிரல் நகம் நிறைய இருந்தது. பழுப்பாக, அழுக்காக இருந்தது. என் ஆயுசில் இவ்வளவு அழகான உப்பை நான் பார்த்ததில்லை!

அந்த நேரம் பார்த்து வீட்டுக்காரி வந்து நின்றாள். சட்டென்று உப்பின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். அடியில் ஒரு துண்டு வாழையிலை விரித்திருந்தது, தப்பித்தேன்.

"இங்க என்ன செய்திய?"

"துணி காயப்போடுதேன்."

"ஒங்க மொகமே சரியில்லையே. நாளைக்கு ஒம்பது. அதுக்கப்புறம் ஒங்களுக்கு இங்க வேலை இல்ல. இப்பமே போயிருங்க. இப்படியே இருந்தா செத்துப்போவிய."

குரலில் நிஜமாகவே இரக்கம் இருந்தது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஆனால் ஏசவில்லை. செபமாலை பார்த்திருந்தால் நம்பியிருக்க மாட்டாள்.

"போறேம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். நாளைக்கு அவனுக்கு என் கையால பரிமாறணும். எங்க ஊரு முறைப்படி."

"அது என்ன முறை?"

"இலை போட்டு, எதை எதை எங்க எங்க வைக்கணுமோ அங்க அங்க வச்சு, மொத வாய ஊட்டி விடணும். நடுவுல நீங்க யாரும் குறுக்க வரக்கூடாது. வாக்கு குடுங்க."

அவள் சிரித்தாள். "வந்தவுக முறைக்கு நாங்க ஒருநாளும் குறுக்க வந்ததில்ல. வாக்கு."

கடலைக் காட்டித் தன் தலையில் கைவைத்துச் சத்தியமும் பண்ணினாள். அவள் கடல், இனிக்கிற கடல். தைரியமாகத்தான் சத்தியம் பண்ணினாள்.

ஏப்ரல் 18

படகில் உட்கார்ந்து எழுதுகிறேன். படகு ஆடுகிறது, எழுத்து கோணலாக வரும். வரட்டும்!

உச்சிப் பொழுதுக்குப் போனேன். முற்றம் நிறைய வெள்ளை உடுப்புக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கல்யாண வீட்டுக் களை. நடுவில் நோனோய். மேலுதட்டு வாய்க்கால் சுத்தமாகத் தூர்ந்துவிட்டது, உற்றுப் பார்த்தால் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. கண் என்னைத் தாண்டி எங்கேயோ பார்த்தது.

இலையை விரித்தேன். நுனி இடது கைப் பக்கம். தண்ணீர் தெளித்துத் துடைத்தேன். எல்லாரும் வேடிக்கை பார்த்தார்கள். எங்கள் ஊரில் இலையில் முதலில் விழுவது எது? சோறு இல்லை, கறி இல்லை. இடுப்பில் முடிந்து வைத்திருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்து, இலையின் இடது மூலையில் கவிழ்த்தேன்.

முன்வரிசையில் இருந்தவர்கள் பின்னால் நகர்ந்தார்கள். வீட்டுக்காரி எழுந்து நின்றாள்.

"அது என்ன?"

"உப்பு."

"என் தீவுல உப்பே கெடையாதே! எங்க இருந்து வந்துச்சு?"

"என் முதுகுல இருந்து."

அவள் கை நீண்டது. "வாக்கு!" என்று கத்தினேன். முற்றம் அதிர்கிற மாதிரி, கப்பல் அடுப்படியில் கத்துகிற மாதிரி கத்தினேன். கை அந்தரத்திலேயே நின்றது. அவள் வாக்கு மாறவில்லை. அதற்காக அவளை நான் மதிக்கிறேன்.

கருப்புச் சோற்றைப் போட்டேன். உப்பு முழுவதையும் சேர்த்துப் பிசைந்தேன், ஒரு துணுக்குகூட இலையில் விடவில்லை. உருட்டி அவன் வாயருகே கொண்டுபோனேன். வாயைத் திறக்கவில்லை. தாடையைப் பிடித்து அமுக்கித் திணித்தேன். முறைப்படி என்று சொல்ல முடியாது, ஆனால் யாரும் குறுக்கே வரவில்லை.

மென்றான். ஒரு தடவை, இரண்டு தடவை. கருணை மாதாவே, அது போதுமா, போதாதா? மழை அடித்துக்கொண்டு போனதும் இருந்தால் சந்தேகமே இல்லை. இது ஒரே ஒரு கட்டைவிரல் நகம்.

மூஞ்சி சுருங்கியது. கண்ணை இறுக்கி மூடினான். திறந்தான். என்னைப் பார்த்தான். தாண்டிப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான்.

"மேயர்," என்றான், "உப்பு கூடிப்போச்சு."

இருபத்திரண்டு வருஷத்தில் என் சமையலுக்கு நொட்டை சொன்ன ஒருத்தனை நான் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தது இதுதான் முதல் தடவை. சிரித்தேன், அழுதேன், ஆமாம் அழுதேன், பூச்சியும் இல்லை, புகையும் இல்லை. அவன் மேலுதட்டின் நடுவில் வாய்க்கால் பளிச்சென்று விழுந்திருந்தது, குழந்தைக்கு இருக்கிற மாதிரி. "அமிஹான், லிகாயா, தாலா" என்று மூன்று பெண்கள் பேரையும் அவன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

தலை நிமிர்ந்தபோது வீடு இல்லை. விழுதுவிட்ட மரம் மட்டும் இருந்தது. வேரில் வீட்டுக்காரி தனியாக உட்கார்ந்திருந்தாள். உப்பு வைத்த இலை மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போங்க," என்றாள். "எங்க சோறு ஒங்களுக்கு ஆகல."

எனக்கு மனசு கேட்கவில்லை. அவளும் சமைத்துப் போடுகிறவள் அல்லவா? "சோறு நல்ல சோறும்மா. கறியும் நல்ல பக்குவம். உப்பு ஒண்ணுதான் கொறை," என்றேன். அவள் நாங்கள் காட்டுக்குள் நுழைகிற வரைக்கும் எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மொட்டைப் பாறையில் குதிரைத்தலையன் நின்றான். துரத்தவில்லை. "வாரேம்டே, நல்லா ஓட வச்ச" என்று கையைக் காட்டினேன். கனைத்தான். கோபமா சந்தோஷமா தெரியவில்லை.

படகு தள்ளியதும் நகர்ந்தது. எவ்வளவு லேசாக நகர்ந்தது! அரை மைல் போனதும் ஒரு அலை எங்கள் மேல் அடித்தது. வாயெல்லாம் கடல், கரிக்கிற கடல். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி கத்தினோம். திரும்பிப் பார்த்தால் தீவு இல்லை, வெறும் வெளிச்சம்தான் இருந்தது.

அப்போதுதான் சொன்னேன். "நோனோய், ஒன்னச் சாப்புடச் சொன்னது நான்தாம்லே. என்ன மன்னிச்சிரு."

"தெரியும் மேயர். நான் அங்கேதானே உக்காந்திருந்தேன்," என்றான். அப்புறம் டேங்கைத் திறந்து பார்த்தான். நிமிர்ந்து என்னை முறைத்தான். "பெட்ரோல் நெறைய இருக்கு. ஒம்பது நாளா இருந்திருக்கு. ஏன் போகல?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன கேள்வி இது? "ஒன்ன விட்டுட்டுப் போய் யாருக்குலே சமைக்கச் சொல்லுத?"

அவன் மோட்டாரைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டான். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரி எழுதிக்கொண்டிருக்கிறேன்.

தலை சுற்றுகிறது. கொஞ்சம் படுக்கிறேன்.

ஏப்ரல் 21

ஆஸ்பத்திரி. சாமரில் ஒரு சின்ன ஊர். மீன்பிடிக்கிறவர்கள் எங்களைத் தூக்கி வந்தார்களாம், எனக்கு நினைவில்லை. பெரிய படகில் போன பதினெட்டுப் பேரும் பத்திரம். செபமாலையிடம் போனில் பேசினேன். ஒரு நிமிஷம் அழுதாள், அப்புறம் பத்து நிமிஷம் ஏசினாள். காதுக்குக் குளிர்ச்சியாக இருந்தது.

கையில் ஊசி குத்தி ஏதோ பாட்டில் ஏற்றுகிறார்கள். டாக்டரம்மா வந்து, என் ரத்தத்தில் உப்பு இருக்க வேண்டிய அளவைச் சொல்லி, இருந்த அளவையும் சொன்னார். இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்து முடிக்கவில்லை. இவ்வளவு உப்பும் எங்கே போயிற்று என்று என்னைக் கேட்டார். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது, தெரியவில்லை என்றேன்.

கட்டில் பக்கத்தில் நின்ற நோனோய்க்குப் புரிந்துவிட்டது. டாக்டரம்மா போன பிறகு வெளியே போனான். ரொம்ப நேரம் ஆளைக் காணோம். வரும்போது கண் சிவந்திருந்தது, கையில் ஆவி பறக்கிற ஒரு கிண்ணம். ஆஸ்பத்திரி அடுப்படியில் கெஞ்சி இடம் வாங்கி அவனே கஞ்சி காய்ச்சியிருக்கிறான். அவன் சமைத்து இதுவரை யாரும் பார்த்ததில்லை. ஏன் என்று இப்போது தெரிந்தது. அரிசி பாதி வேகவில்லை, பாதி அடிப்பிடித்துவிட்டது. இஞ்சியைத் தோலோடு போட்டிருக்கிறான். உப்பு அள்ளிக் கொட்டியிருக்கிறான், கடலையே கரைத்துவிட்ட மாதிரி.

ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினான். ஒவ்வொரு கரண்டிக்கும் என் முகத்தையே பார்த்தான்.

"எப்படி இருக்கு மேயர்?"

சொல்வதற்கு நூறு இருந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"இன்னும் கொஞ்சம் ஊத்துலே," என்றேன்.